கிட்டார் ஆம்ப் பதிவுக்கு ஷூர் எஸ்எம்57: வாங்கலாமா, வாங்கினால் எங்கே வைப்பது?

ஸ்பெக்கைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. 1965-ல் வந்த, காந்தமும் சுருளும் கொண்ட டைனமிக் மைக், 40 ஹெர்ட்ஸிலிருந்து 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். ஆனால் கிட்டார் ஸ்பீக்கரே 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டியதும் மளமளவென்று இறங்கிவிடும். அந்த இடத்தையொட்டி இந்த மைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால்தான் பிக் கம்பியில் படும் சத்தம் மிக்ஸில் தெளிவாக நிற்கிறது. ஆம்பை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் திணறாது.

இதன் உண்மையான பலம், வைக்கும் இடத்துக்கு ஏற்ப டோன் மாறுவது. டார்ச்சை கிரில் துணியோடு ஒட்டி அடித்தால் உள்ளே கோன் (அதிரும் கூம்பு) தெரியும். நடுவில் இருக்கும் டஸ்ட் கேப் என்ற சின்ன மூடி கோனோடு சேரும் விளிம்புக்கு நேராகத் துணியில் சின்ன டேப் ஒட்டுங்கள். மைக்கை அதற்கு நேர் எதிரே, துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்துங்கள். தொடக்கம் அதுதான். நடுவை நோக்கி நகர்த்தினால் கூர்மை ஏறிக் காதைக் குத்தும்; வெளி விளிம்பை நோக்கிப் போனால் டோன் இருண்டு தடிக்கும். 12 அங்குல ஸ்பீக்கரில் ஓர் அங்குலம் நகர்த்தினாலே வேறு ஆம்ப் போலக் கேட்கும். ஹை கெய்னில் (டிஸ்டார்ஷன் ஏற்றி வாசிக்கும்போது) ஸ்ஸ் என்ற இரைச்சல் தொந்தரவு செய்தால், பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் தொடுமுன் மைக்கை 45 டிகிரி சாய்த்துப் பாருங்கள்.

துணியை ஒட்டி வைத்தால் ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட்டால் (மைக் நெருங்க நெருங்க அடிச்சத்தம் ஏறுவது) பேஸ் வீங்கும். பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிப்பது) பொதபொதவென்று ஆகும். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் பின்னால் இழுத்தால் அது குறையும், ஆனால் அறையின் சத்தம் உள்ளே வந்துவிடும். அறை நன்றாக இல்லையென்றால் பின்னால் இழுக்கவே வேண்டாம். தீர்ப்பை டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஓடும்போதுதான் சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டால் தடித்த டோன்தான் எப்போதும் பிடிக்கும். மிக்ஸில் அது பேஸ் கிட்டாரோடு மோதும்.

குறையும் உண்டு. டோனின் அடிப்பகுதி மெலிவு. ராயர் ஆர்-121 மாதிரி ஒரு ரிப்பன் மைக்கை (மெல்லிய உலோகப் பட்டையால் சத்தம் பிடிப்பது) சேர்த்தால் அது நிரம்பும். ஆனால் இரண்டின் கேப்ஸ்யூலும் (சத்தம் பிடிக்கும் பகுதி) ஸ்பீக்கரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். 17 செ.மீ. வித்தியாசம் இருந்தால் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மைக்கின் சத்தமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்றின் போலாரிட்டியை (அலையின் பிளஸ்-மைனஸ்) திருப்பிவிட்டு, சத்தம் மிகவும் மெலியும் இடத்தைத் தேடுங்கள். பிறகு போலாரிட்டியைப் பழையபடி வையுங்கள். அதுவே சரியான இடம்.

சந்தையில் போலிகள் அதிகம். அசலின் எடை 284 கிராம், கைப்பிடிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்து, கையில் எடுத்தாலும் லேசாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கையில் பணம் மிச்சமிருந்தால் கனமான பூம் ஸ்டாண்டில் (நீட்டுக் கை உள்ள ஸ்டாண்ட்) போடுங்கள். ஒயரால் ஆம்ப் மேல் தொங்கவிட்டால் இந்த மைக் தரையைத்தான் பார்க்கும், ஸ்டாண்ட் கட்டாயம். அதன் மூட்டு நழுவினால் மறுநாள் ஓவர்டப்பில் (பதிந்ததன் மேல் சேர்த்துப் பதியும்போது) டோன் ஒட்டாது. அதனால் டேப்பை எடுக்காமல், துணிக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து எழுதி வையுங்கள்.