மானிட்டர் நிறம் சரியில்லையா? கண்ணளவு, இரவல் புரொஃபைல், மீட்டர்: எது உதவும்?

கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர்களுக்கு அரக்குப் பட்டுதான் பரீட்சை. திரையில் அரக்காகத் தெரிந்த புடவை, ஆல்பத்தில் பழுப்படித்து வரும், இல்லையென்றால் ரோஸ் பக்கம் சாய்ந்திருக்கும். உடனே கலர் லேப்பைத் திட்டுவோம். பல நேரம் கோளாறு நம் மேஜை மேல் உள்ள மானிட்டரில்தான் இருக்கும்.

அதைச் சரிசெய்ய மூன்று வழி சொல்வார்கள். விண்டோஸில் இருக்கும் கேலிபரேஷன் கருவியைத் திறந்து கண்ணால் பார்த்துத் திருத்துவது ஒன்று. அதே மாடலை வேறொருவர் அளந்து இணையத்தில் போட்டிருக்கும் ஐசிசி புரொஃபைலை, அதாவது அந்த மானிட்டர் நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்ற குறிப்புள்ள ஃபைலை, இரவல் வாங்குவதுபோல் இறக்கிக்கொள்வது இரண்டாவது. திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கலரிமீட்டர் வைத்து நாமே அளப்பது மூன்றாவது. காசு இருந்தால் மூன்றாவது, இல்லாவிட்டால் முதல் இரண்டில் ஏதோ ஒன்று என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை.

அதற்கு முன், இந்த மூன்றுமே தேவைப்படாத பழுதுகளை ஒதுக்கிவிட வேண்டும். மானிட்டரின் பட்டனை அழுத்தினால் வரும் மெனுவைக் கவனியுங்கள். அது கம்ப்யூட்டரிலிருந்து வருவதில்லை, மானிட்டரே வரைவது. படம் மஞ்சளடித்து, மெனு மட்டும் சுத்தமாக இருந்தால் கோளாறு கேபிளிலோ, கிராஃபிக்ஸ் கார்டிலோ, விண்டோஸ் செட்டிங்கிலோ இருக்கிறது. மெனுவும் சேர்ந்து மஞ்சளடித்தால் மானிட்டரையே சந்தேகிக்க வேண்டும்.

இன்னும் விஜிஏ கேபிள் ஓடும் கடைகள் நிறைய உண்டு. அந்த 15 பின்னில் முதல் பின் சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். நீலம் விட்டுப்போனால் வெள்ளை மஞ்சளாகும். பச்சை போனால் மெஜந்தா. சிவப்பு போனால் சியான். கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வளைந்த பின் கண்ணில் படும். பல கேபிள்களில் 9ஆம் பின்னே இருக்காது. அது பழுதல்ல, தயாரிப்பே அப்படித்தான்.

எச்டிஎம்ஐயில் வேறு தொல்லை. மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டு கார்டு, கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான அளவை 0–255க்குப் பதிலாக 16–235 என்று சுருக்கி அனுப்பும். கறுப்பு சாம்பலாகி, படம் முழுக்க வெளுத்துத் தெரியும். கார்டின் கன்ட்ரோல் பேனலில் டைனமிக் ரேஞ்சை ‘ஃபுல்’ ஆக்கினால் தீர்ந்தது. சாயங்காலம் மட்டும் மஞ்சளாகிறது என்றால், இரவில் திரையின் நீலத்தைக் குறைக்கும் விண்டோஸின் நைட் லைட் வசதிதான் காரணம். திடீரென்று எல்லாம் கறுப்பு வெள்ளையாகிவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கலர் ஃபில்டர் தெரியாமல் ஆன் ஆகியிருக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நிறம் ஒத்துவராதபோதுதான் ஒப்பீட்டுக்கே வேலை.

கண்ணளவில் எனக்கு முழு நம்பிக்கையும் இல்லை, வெறுப்பும் இல்லை. விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கும் அந்தக் கருவி காமா (நடுத்தர நிழல்களின் வெளிச்சம்), பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், நிறச் சமநிலை என்று வரிசையாகக் கேட்கும். மோசமாகக் கோணியிருக்கும் மானிட்டரைச் சுமாருக்குக் கொண்டுவர அது போதும். ஆனால் நம் கண் பார்ப்பதற்கெல்லாம் பழகிவிடும். நீலமடித்த திரையைப் பத்து நிமிடம் பார்த்தால் அதுவே வெள்ளையாகத் தோன்றும். டியூப் லைட்டின் கீழ் சரிசெய்தது மஞ்சள் பல்பின் கீழ் வேறாகத் தெரியும். நேற்று சரியென்று விட்ட சாம்பல் பட்டை இன்று பச்சையடிப்பதற்கு இதுதான் காரணம். அதனால் கருவியைத் தொடும் முன் மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகளுக்கான பொது நிற அளவுகோல்) மோடு இருந்தால் அதைப் போடுங்கள். அது இல்லையென்றால் கலர் டெம்பரேச்சரை 6500க்கு மாற்றுங்கள். நீலமடிக்கும் 9300இல் விட்ட மானிட்டரில் அரக்கு ஒருநாளும் அரக்காகத் தெரியாது. இந்த ஒரு மாற்றம், கருவியில் அரை மணி நேரம் ஸ்லைடரை நகர்த்துவதைவிட அதிகம் உதவும்.

இரவல் புரொஃபைலை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரே கடையில் வாங்கிய ஒரே ஃபிரேம் என்பதற்காக அடுத்தவரின் பவர் கண்ணாடியை மாட்டிக்கொள்வது போன்றது அது. மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பேனல் வேறு தொகுப்பாக இருக்கலாம், பின்விளக்கின் வயது வேறு, அளந்தவர் வைத்திருந்த பிரைட்னஸ் வேறு. அவருடைய மானிட்டரின் பச்சைச் சாயலைக் குறைக்க எழுதப்பட்ட திருத்தம், பச்சைச் சாயலே இல்லாத உங்கள் மானிட்டரை மெஜந்தாவாக்கும். ‘ஃபோட்டோவைத் திறந்தால் மட்டும் வெள்ளை மஞ்சளாகிறது’ என்ற பழைய புகாருக்கும் பொருந்தாத புரொஃபைல்தான் வழக்கமான காரணம். விண்டோஸின் கலர் மேனேஜ்மென்ட் போய் அதை நீக்கிவிட்டு எஸ்ஆர்ஜிபியை டிஃபால்ட் ஆக்கினால் சரியாகிவிடும். ஒரே விதிவிலக்கு, முகங்களெல்லாம் சிவந்து தெரியும் வைட் காமட் மானிட்டர், அதாவது எஸ்ஆர்ஜிபியைவிட அதிக நிறம் காட்டுவது. அதற்குத் தயாரிப்பாளரே தரும் புரொஃபைல், ஒன்றும் இல்லாததற்கு மேல்.

கலரிமீட்டரின் பெரிய பலன் நிறத்தைவிட வெளிச்சத்தில் இருக்கிறது என்பேன். ‘பிரின்ட் இருட்டா வந்திருக்கு’ என்று வரும் பஞ்சாயத்துகளில் பெரும்பாலானவை மானிட்டர் அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருப்பதால் வருபவை. பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் சாதாரணமாக 250 நிட்ஸை (திரை வெளிச்சத்தின் அலகு) தொடும். அச்சுக்கு வேலை செய்ய 100 முதல் 120 போதும். அந்த எண்ணைக் கண்ணால் சொல்ல முடியாது, மீட்டர் சொல்லும்.

மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, நைட் லைட்டை அணைத்துவிட்டு, மீட்டரைத் திரையில் ஒட்டினாற்போல் தொங்கவிட வேண்டும். அது நிறக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டி அளக்கும். முடிவில் இரண்டு வேலை நடக்கிறது. கார்டில் ஏறும் திருத்த வளைவு மொத்தத் திரையையும் நடுநிலைக்குக் கொண்டுவரும். புரொஃபைல், அந்த மானிட்டர் எவ்வளவு நிறம் காட்டும் என்பதை ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளுக்குச் சொல்லும்.

விலை 10,000 ரூபாயைத் தாண்டும் என்பதுதான் தயக்கம். மாதம் ஒருமுறை தொடும் கருவி என்பதால் நாலு டிசைனர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். ஆர்கில் போன்ற இலவச மென்பொருளே அளக்கப் போதும். செகண்ட் ஹேண்டில் பழைய மாடல் வாங்காதீர்கள். சிலவற்றில் ஃபில்டர் மங்கியிருக்கும், தப்பாக அளக்கும் மீட்டர் கண்ணைவிட மோசம்.

ஆல்பமோ கல்யாணப் பத்திரிகையோ அச்சுக்குப் போகிறவர்களுக்கு என் ஓட்டு மீட்டருக்கே. வீட்டில் படம் பார்க்க, கணக்கு எழுத எஸ்ஆர்ஜிபி மோடு போதும், வேறு செலவு வேண்டாம்.

மீட்டரும் கைவிடும் இடம் உண்டு. மயில்கழுத்து நீலம் ஆஃப்செட் மைக்கு எட்டாத நிறம். பத்திரிகையில் அது மங்கத்தான் செய்யும். ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல், ஒய் அழுத்தி அச்சு எப்படி வரும் என்று வாடிக்கையாளருக்கு முன்பே காட்டிவிடுங்கள். தலையைச் சற்று அசைத்தாலே நிறம் மாறும் பழைய டிஎன் வகைப் பேனலையும் எந்த மீட்டரும் திருத்தாது. அதற்கு மீட்டர் வாங்கும் பணத்தை, எஸ்ஆர்ஜிபியை முழுதாகக் காட்டும் ஒரு ஐபிஎஸ் வகை மானிட்டரில் போடுங்கள், அதில் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது.