ஈமேக்ஸ் கட்டளைப் பெயர்கள்: முக்கால்வாசி ஒழுங்கு

ஈமேக்ஸ் என்ற உரைத் தொகுப்பானில் (எடிட்டரில்) எனக்கு ரொம்பப் பிடித்தது கட்டளைகளுக்குப் பெயர் வைத்திருக்கும் விதம்தான். ஃபார்வர்டு-வேர்ட் தெரிந்தால் பேக்வர்டு-வேர்டை யாரும் சொல்லித்தர வேண்டாம். கன்ட்ரோலோடு எஃப் தட்டினால் கர்சர் ஓர் எழுத்து நகரும், மெட்டாவோடு (பெரும்பாலும் ஆல்ட் விசை) தட்டினால் ஒரு சொல், அடைப்புக்குறி தொடங்கும் இடத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தட்டினால் அதன் முடிவுக்கே தாவும். சரி, ஆனால் இந்த 'கில்' இருக்கிறதே! கில்-லைன் வெட்டிய வரியை எடுத்து வைத்துக்கொள்ளும், திரும்ப ஒட்டலாம். கில்-பஃபர், அதாவது திறந்து வைத்த உரையை (பஃபரை) மூடும் கட்டளை, அப்படி எதையும் வைத்துக்கொள்வதில்லை. பஃபரை மூடக் கில், ஜன்னலை மூட மட்டும் டிலீட்-விண்டோ, ஏன்? கில்-விண்டோ என்று எத்தனை முறை தட்டி ஏமாந்திருப்பேன். ஒட்டுவதற்குப் பெயர் யாங்க், விம் என்ற இன்னொரு தொகுப்பானில் அதே சொல் நகலெடுப்பது, அங்கிருந்து வருபவர் பாவம். அப்புறம், பெயர் பாதி மறந்தால் அப்ரோபோஸ்-கமாண்டில் 'விண்டோ' என்று கொடுங்கள், பட்டியலாக வந்து நிற்கும்.