பர்மா பஜாரில் சுவிஸ் சாமான்: எதை வாங்கலாம், எதை விடலாம்

பர்மா பஜாரில் சுவிஸ் மசாலாத் தூளான அரோமாட் கிடைக்கிறது. சுவிஸில் வளர்ந்து இப்போது சென்னையில் குடும்பம் நடத்துகிற யாராவது இதை வாசித்தால், மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் போய் ஒரு டப்பா வாங்கி வையுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது சுவிஸ் தலைநகர் பேர்ணில். அம்மா, அப்பாவுக்கு யாழ்ப்பாணம். கல்யாணமாகி வந்தது ராயபுரத்துக்கு. காசிமேட்டு மீன் வாசலுக்கே வருகிற ஊரில் சாப்பாட்டுக்கு என்ன குறை? ஆனால் அவித்த முட்டையில் அரோமாட் தூவிச் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு உப்பும் மிளகும் எட்டாது. ஷாஃப்ஹவுசன் மாநிலத்தில் தாயிங்கன் என்ற சிற்றூரில், 1950களில் க்நோர் கம்பெனி உருவாக்கிய மஞ்சள் தூள் அது. முக்கியமாக உப்பு, அஜினோமோட்டோ, வெங்காயம், கொஞ்சம் மசாலா. சுவிஸ் உணவகங்களில் உப்போடு உப்பாக மேசையில் வைத்திருப்பார்கள். எங்கள் அம்மா உருளைக்கிழங்குப் பிரட்டலுக்கும் ஒரு சிட்டிகை போடுவா. இங்கே மாமி, என் கணவரின் அம்மா, அதை வஞ்சிரம் வறுவலில் தூவிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னா தூளு இது, நல்லாத்தானே கீது" என்றா. அன்றையிலிருந்து டப்பா சமையலறையில் மாமியின் பக்கத்துத் தட்டில்தான் இருக்கிறது.

கடை ராஜாஜி சாலையில், பீச் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம். பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் பிழைக்க வேண்டும் என்று 1969இல் உண்டான கடைவரிசை இது. நான் போகும் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முன்னால் சென்ட், ஷாம்பு, டார்ச் லைட். சாப்பாட்டுச் சாமான் எல்லாம் உள்ளே, ஒரு கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜை ஒட்டி. நடத்துகிறவர் வயதான ஒரு பாய். சாமானைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு, ஏசி போட்ட பெரிய கடைகளில் நிற்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் திரும்பத் திரும்ப அங்கே போவது அதற்காகத்தான்.

ஒரு ஜூன் மாதம் டோப்ளரோன் சாக்லேட் கேட்டேன். ஃபிரிட்ஜில் அடுக்கி வைத்திருந்தார், ஆனால் எடுத்துத் தரவில்லை. "எடுக்காதம்மா, மே மாசத்துல வந்த சரக்கு" என்று சொல்லி, ஒரு பெட்டியைத் தானே பிரித்துக் காட்டினார். முக்கோணங்களின் விளிம்பெல்லாம் சாம்பல் பூத்து இருந்தது. பார்த்தால் பூஞ்சணம் என்றுதான் நினைப்போம், அது பூஞ்சணம் இல்லை. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும். சென்னை வெயிலில் உருகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படிகிறது. பாய் கட்டைவிரலால் தேய்த்தார், அந்த இடம் மட்டும் கரைந்து மினுங்கியது. தேய்த்தும் போகாமல் சொரசொரப்பாக இருந்தால் அது சர்க்கரை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாக்லேட்டைப் பிரித்து நம் ஊர் ஈரக்காற்றில் வைத்தால் வேர்த்து, மேலே உள்ள சர்க்கரை கரைந்து, காய்ந்து பொருக்குத் தட்டும். இரண்டும் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகவேண்டியது மணலாக நிற்கும். பேர்ண்காரிக்கு அதைக் கொடுப்பது பாவம்.

"எப்ப பாய் நல்லது வரும்?"

"டிசம்பர்ல வாம்மா. ஜனவரி வரைக்கும் நல்லாருக்கும்."

டிசம்பரில் வாங்கியது அருமை. செய்தித்தாளில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டித் தந்து, வீட்டில் வைத்து அரைமணி நேரம் பிரிக்காதே என்றார். ஒரு ஆன்லைன் கடை எனக்கு அனுப்பிய லிண்ட் சாக்லேட் பெட்டி, ஏப்ரலில் குழம்பாக வந்து சேர்ந்தது. பணமும் திரும்பவில்லை.

டோப்ளரோன் வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள். 1908இல் பேர்ணில் பிறந்த அந்தச் சாக்லேட்டை ஸ்லோவாக்கியாவிலும் செய்யப்போவதால், மாட்டர்ஹார்ன் மலைப் படத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பதாக 2023இல் அறிவித்தார்கள். மாட்டர்ஹார்ன் போட்ட பெட்டி கிடைத்தால் அது பழைய சரக்காக இருக்கலாம், தேதியை வடிவாகப் பார்த்து வாங்குங்கள்.

ஓவோமால்டின் விஷயத்தில் எனக்கு மனக்குறை. 1904இல் பேர்ணில் வாண்டர் கம்பெனி தொடங்கிய மால்ட் பானம் அது. இந்தக் கடையில் இருப்பது தாய்லாந்து ஓவல்டின். அதே ஆரஞ்சு நிறம், அதே குடும்பம், ஆனால் இனிப்பு தூக்கலாக இருக்கிறது, மால்ட்டின் அந்த லேசான கசப்பு காணவே காணோம். பிள்ளைகளுக்கு வாங்கலாம். காலையில் குளிர்ந்த பாலில் முழுதும் கரையாமல் மேலே மிதக்கிற துகள்களைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டவர்கள் வாங்க வேண்டாம்.

ரிக்கோலா மிட்டாய் உண்டு, வருஷம் முழுக்க நன்றாகவே இருக்கும். சீஸ் கேட்கவே கேட்காதீர்கள். கிரூயேர் மாதிரி சுவிஸ் சீஸ் இந்த வெயிலில் எந்தப் பெட்டிக்கடையிலும் தாங்காது. இந்தியாவும் சுவிஸ் உள்ளிட்ட நான்கு நாடுகளும் போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சாக்லேட்டுக்கான சுங்க வரி படிப்படியாகக் குறையப்போகிறது. பால் பொருட்களை மட்டும் அதில் சேர்க்கவில்லை. எனவே சீஸ் விலை இறங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை, சுவிஸுக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லி விடுவதுதான் வழி. ரிவெல்லாவும் அப்படித்தான். பால் தெளிநீரில் செய்கிற அந்தச் சோடாவைப் பாய் கேள்விப்பட்டதுகூட இல்லை. விளக்கிச் சொன்னேன், ஆர்வமாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். குருவிகள், அதாவது விமானத்தில் போய்வந்து சரக்குக் கொண்டுவருகிற ஆட்கள், பெட்டியில் கொண்டுவருகிற சாமான்களில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் உள்ள ஸ்டிக்கர் இருக்காது. குழந்தைக்கு வாங்குவதென்றால் ஸ்டிக்கர் உள்ளதை மட்டும் கேளுங்கள், பாய் முகம் சுளிக்காமல் வேறு எடுத்துத் தருவார். விலை பேசலாம், பேசினால் குறைப்பார், பில் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அரோமாட் எப்போதும் இருக்காது. போன் நம்பர் கொடுத்துவிட்டு வந்தால் வந்தவுடன் கூப்பிடுகிறார், இரண்டு நாள் எடுத்தும் வைக்கிறார். சாயங்காலம் கூட்டம் நெரியும், பகல் பதினொரு மணிக்குப் போனால் நின்று கதைத்து வாங்கலாம்.