13ஆவது பின் செய்த வேலை

போன வாரம் டிவியின் மெயின் போர்டில், படமும் ஒலியும் ஒரே கேபிளில் வருகிற ஒரு எச்டிஎம்ஐ போர்ட்டை மாற்ற வேண்டியதாகிவிட்டது. அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் நண்பன் கூப்பிட்டான். இதே டிவியின் அடுத்த மாடல் விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற கதையா இது?

ஐந்து வருடமாக வைத்திருக்கிறேன். படம் அன்றும் பிரமாதம், இன்றும் பிரமாதம். என் வழக்கெல்லாம் டிவியின் முதுகுப் பக்கத்தோடுதான்.

அங்கே மூன்று எச்டிஎம்ஐ போர்ட்டுகள். ஒன்றில் செட்டாப் பாக்ஸ், ஒன்றில் கேம் கன்சோல், ஏஆர்சி என்று எழுதியிருப்பதில் சவுண்ட்பார். லேப்டாப்பை மாட்ட வேண்டுமென்றால் கன்சோலைக் கழற்ற வேண்டும். அது பழகிவிட்டது. பழகாதது செட்டாப் பாக்ஸின் சுபாவம்.

டிவியில் இருக்கும் ஆப்பிலேயே படம் பார்த்துக்கொண்டிருப்போம். கொலைகாரன் யார் என்று தெரியப்போகிற நேரம். திரை ஒரு கணம் கறுக்கும். அப்புறம் பார்த்தால் செட்டாப் பாக்ஸின் மெனு பல்லிளித்துக்கொண்டு நிற்கும். யாரும் ரிமோட்டைத் தொட்டிருக்க மாட்டோம். ரிமோட் மேல் உட்கார்ந்திருப்பதாக வீட்டில் என்னைத்தான் முதலில் எழுப்பிப் பார்ப்பார்கள்.

காரணம் சிஇசி என்கிற வசதி. எச்டிஎம்ஐ கேபிளில் 19 பின்கள், அதாவது இணைப்பு முனைகள், உண்டு. அதில் 13ஆவது, கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கம்பி. சாம்சங்கில் இதற்கு எனிநெட் பிளஸ் என்று பெயர், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஒரே ரிமோட்டில் எல்லாவற்றையும் இயக்க முடிவது இதன் புண்ணியம். ஆனால் எந்தக் கருவி விழித்தாலும், "நான்தான் இப்போது ஓடுகிறேன், என்னைக் காட்டு" என்று இந்தக் கம்பியில் சொல்லலாம். டிவியும் மறுபேச்சில்லாமல் மாறிவிடும். என் செட்டாப் பாக்ஸ் அப்டேட்டுக்காகத் தானாக விழிக்கிற ரகம். விழித்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காது.

டிவியில் சிஇசியை அணைத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். அணைத்தேன். சவுண்ட்பார் ஊமையாகிவிட்டது. டிவியின் ஒலியை அதே கேபிளில் திருப்பி அனுப்புகிற வேலைதான் ஏஆர்சி. 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. இந்த டிவியில் அதை சிஇசியோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றை விட்டால் இன்னொன்றும் போகும். சரி, ஆப்டிகல் கேபிள் போடலாம் என்றால், டிவி ரிமோட்டில் வால்யூம் வேலை செய்யவில்லை, நாலு பக்கமும் மேலேயும் இருந்து ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் அட்மாஸும் போய்விட்டது. செட்டாப் பாக்ஸின் மெனுவிலோ சிஇசியை அணைக்க வழியே இல்லை. அந்த மெனுவை வடிவமைத்தவர் வீட்டில் யாரும் படம் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

கடைசியில் விரல் நீளத்தில் ஒரு அடாப்டர் கிடைத்தது. அதில் 13ஆவது பின்னுக்கு மட்டும் இணைப்பு இல்லை. செட்டாப் பாக்ஸ் கேபிளின் டிவி முனையில் மாட்டினேன். படம் வருகிறது, ஒலி வருகிறது, பாக்ஸ் மட்டும் வாய் திறக்கவில்லை. அதற்குத் தனி ரிமோட் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தோம், நிம்மதியாகப் படம் பார்த்தோம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லேப்டாப்பை முதன்முதலில் மாட்டியபோது நாலு ஓரமும் வெட்டுப்பட்டு, எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. அந்த போர்ட்டின் பெயரை மெனுவில் 'பிசி' என்று மாற்றினேன், அவ்வளவுதான். ஓரம் முழுதாக வந்தது, எழுத்து ஊசிமுனை மாதிரி ஆனது. கன்சோலில் எச்டிஆர், அதாவது வெளிச்சமும் நிறமும் தூக்கலாகத் தெரிகிற படம், வராமல் புது கேபிள் வாங்கியதும் வீண். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக ஆன் செய்ய வேண்டிய ஒரு அமைப்பு, கம்பெனியிலிருந்து வரும்போதே ஆஃபில் இருந்திருக்கிறது. விஷயம் தெரிந்தவனுக்கு இந்த டிவி தங்கம். ஆனால் தெரிந்துகொள்வதற்குள் தலைமுடி கொட்டிவிடுகிறது.

அப்புறம் போன மாதம் செட்டாப் பாக்ஸ் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்ன ஆரம்பித்தன. ஒரு வாரத்தில் 'சிக்னல் இல்லை'. கேபிளை லேசாகத் தூக்கிப் பிடித்தால் படம் வரும், விட்டால் போய்விடும். சில நாள் கேபிளுக்கு அடியில் தீப்பெட்டி ஒன்றை முட்டுக் கொடுத்து ஓட்டினோம். மெக்கானிக் வந்து பின்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். போர்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சால்டரிங் விட்டிருந்தது. அடாப்டரையும் அதில் தொங்கிய தடித்த கேபிளையும் கையில் எடை பார்த்துவிட்டு, "இவ்வளவு வெயிட்டத் தொங்கவிட்டா அது என்ன சார் பண்ணும்?" என்றார். போர்ட்டை மாற்றி முடித்ததும் அடாப்டரைக் கேபிளின் அந்த முனையில், செட்டாப் பாக்ஸ் பக்கம் மாட்டினார். பாக்ஸ் மேஜை மேல் இருக்கிறது, எதுவும் தொங்காது. 13ஆவது பின் எந்த முனையில் அறுந்தால் என்ன, பேச்சு நிற்கத்தானே போகிறது? இத்தனை மாதமாக எனக்கு இது தோன்றவில்லை.

அந்தப் பழியை டிவி மேல் போட முடியாதுதான். ஆனாலும் ஏஆர்சியையும் சிஇசியையும் பிரித்து வைத்திருந்தால் அந்த அடாப்டருக்கே வேலை இருந்திருக்காது. நண்பனிடம் சொல்லிவிட்டேன்: வாங்காதே. வாங்கித்தான் தீருவேன் என்றால், நாலு போர்ட் இருக்கிறதா, அவை கீழ்நோக்கி இருக்கின்றனவா பக்கவாட்டில் இருக்கின்றனவா, சிஇசியை அணைத்தாலும் சவுண்ட்பாரில் சத்தம் வருகிறதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்.

"இவ்வளவு திட்டுகிறாயே, அப்படியானால் உன்னுடையதை எனக்குத் தள்ளிவிடேன்" என்றான்.

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.