கருத்துக்கேட்பு என்னும் அரசுச் சேவை: காவிரிப் படுகையிலிருந்து ஒரு மதிப்புரை

பூச்சி மருந்துக்குத் தடை விதிப்பதானாலும், ஊருக்கு அருகே ஆலைக்கு அனுமதி கொடுப்பதானாலும், வேலையிடப் பாதுகாப்பு விதிகளை மாற்றுவதானாலும், முடிவெடுக்கும் முன் மக்களிடம் கருத்துக் கேட்பது இன்று அரசு தரும் சேவைகளுள் ஒன்றாகிவிட்டது. இதற்குக் கட்டணம் இல்லை, படிப்புத் தகுதி இல்லை, பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. அப்படியிருந்தும் திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பக்கங்களில் இதை ஒருமுறை பயன்படுத்தியவர்கள் இரண்டாம் முறை அந்தப் பக்கம் போகத் தயங்குவதைத்தான் பார்க்கிறேன். நெல் விவசாயியாகவும், கூப்பிட்ட கூட்டங்களுக்குப் போய் மனு எழுதிக் கொடுப்பவனாகவும் இருந்து இந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

இது நமக்கு மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. அரசிதழில் வரைவை வெளியிட்டு ஆட்சேபங்களைக் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கேட்பது ஒன்று. மாவட்ட ஆட்சியர் தலைமையில் திட்டம் வரவிருக்கும் இடத்திலேயே நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் இன்னொன்று. மூன்றாவது, கிராம சபை. கூச்சலும் குழப்பமும் நிறைந்த ஆட்சியர் கூட்டமே மூன்றிலும் மேலானது என்பது என் முடிவு. அரசிதழ் வழியே நடப்பது பார்வைக்கு ஒழுங்காக இருந்தாலும் நமக்கு மிகக் குறைவாகவே பயன்படுகிறது.

அரசிதழ் வடிவத்தை எடைபோட 2020-ஆம் ஆண்டின் பூச்சி மருந்து வரைவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது. அந்த ஆண்டு மே மாதம் மத்திய வேளாண் அமைச்சகம் 27 மருந்துகளின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை, பயன்பாடு அனைத்தையும் தடை செய்ய உத்தேசித்து ஒரு வரைவு ஆணையை வெளியிட்டது. நெல் வயலில் களை முளைக்கும் முன்பே அடிக்கும் பியூட்டாக்குளோர், நாம் குருணை மருந்து என்று சொல்லும் கார்போபியூரான், தண்டுத் துளைப்பானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் குளோர்பைரிபாஸ், அசிபேட், மோனோகுரோட்டபாஸ் என்று டெல்டாவின் மருந்துக் கடை அலமாரியில் பாதி அந்தப் பட்டியலில் இருந்தது. ஆட்சேபம் தெரிவிக்க முதலில் 45 நாள் கொடுத்தார்கள், பிறகு அதை 90 நாளாக நீட்டினார்கள். மனிதருக்கும் தேனீக்கும் மீனுக்கும் நீர்நிலைக்கும் என்ன கேடு என்று மருந்துவாரியாகக் காரணம் எழுதியிருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உள்ளடக்கத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை.

குறை, அது யாருக்கு எப்போது வந்து சேர்ந்தது என்பதில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது அந்த 2020-இல்தான். முறைத் தண்ணீர் குறித்த நாளில் வருகிறது என்றதும் டெல்டா முழுவதும் நாற்றங்காலிலும் நடவிலும் இறங்கிக் கிடந்தது. பேருந்து ஓடாத ஊரடங்குக் காலம் வேறு. வேளாண் அமைச்சகம் இருக்கும் புது டெல்லி கிருஷி பவனுக்கு ஆங்கிலத்தில் ஆட்சேபம் எழுதி அனுப்பு என்று அந்த மாதங்களில் ஒரு குறுவை விவசாயியைக் கேட்பது, பந்தி நடக்கும்போது சமையல்காரரைக் கூப்பிட்டு வரவு செலவுக் கணக்கு கேட்பதைப் போன்றது. ஆட்சேபக் காலத்தைப் பயிர்க் காலத்தோடு பொருத்திப் பார்க்கும் வழக்கமே இந்தச் சேவையில் இல்லை. அவ்வளவு பெரிய வேளாண் அமைச்சகத்துக்குக் குறுவை எப்போது, சம்பா எப்போது என்று தெரியாமல் இருக்காது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. மருந்தை வாங்குபவர் நிலத்துக்காரர், விற்பவர் கடைக்காரர், தயாரிப்பவர் நிறுவனத்தார். இந்த மூவருக்கும் சங்கம் உண்டு, கடிதத் தாள் உண்டு, வரைவைப் படித்துச் சொல்ல ஆள் உண்டு. முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு வெறுங்காலோடு சேற்றில் இறங்கி மருந்து அடிப்பவரோ பெரும்பாலும் நிலமில்லாத கூலித் தொழிலாளி. மருந்து அடித்து இரண்டொரு நாளில் களையெடுக்க அதே வயலில் இறங்குபவர்கள் பெண்கள். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் நஞ்சேறி இறந்த செய்தி வந்தபோது, அப்படி இறந்தவர்களில் கூலிக்கு அடித்தவர்களும் இருந்தார்கள். டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் முக்கோணத்தில் சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அதற்கு அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்ற பொருள்கூட அடிப்பவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. உடல்நலம் சார்ந்த ஒரு கொள்கையில் எவருடைய உடலைப் பற்றிப் பேசுகிறார்களோ, அவரிடம் கேள்வியே போய்ச் சேராத கருத்துக்கேட்பு இது.

முடிவு 2023-இல் வந்தது. 27-இல் டைக்கோபால், டைனோகேப், மெத்தோமைல், மோனோகுரோட்டபாஸின் 36 சதவீதக் கரைசல் ஆகிய நான்குக்குத்தான் தடை. பியூட்டாக்குளோர் அந்த நான்கில் இல்லை. மற்றவற்றை விட்டது சரியா தவறா என்பது வேறு விவாதம். நெல் விவசாயி என்ற முறையில் பியூட்டாக்குளோர் போயிருந்தால் களையெடுப்புக் கூலிக்கு நான் எங்கே போவேன் என்ற கவலை எனக்கும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மருந்து மனிதருக்குக் கேடு என்று 2020-இல் எழுதிய அரசு, பிறகு அதை ஏன் விட்டது, எந்த ஆட்சேபத்தை ஏற்றது, எதைத் தள்ளியது என்பதைக் கடிதம் அனுப்பியவனுக்கு ஒரு வரியில்கூடத் தெரிவிக்கவில்லை. நான் அறிந்த வட்டத்தில் ஆட்சேபம் அனுப்பிய எவருக்கும் பதில் வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. மத்திய அரசு 2014-இல் வகுத்த சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை, வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுப்பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை அமைச்சகத்தின் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் பதில் எழுத வேண்டும் என்று அதில்கூட இல்லை. அந்தச் சுருக்கமாவது தமிழில் வந்து ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டால் எனக்குப் போதும்.

மொழியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டாம். ஆலை போன்ற திட்டங்களுக்கு அனுமதி தரும் முன் அவற்றின் கேடுகளை எடைபோடும் விதிகளை மாற்ற அதே 2020-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியானதும், அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டு, கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டியதும், அந்த உத்தரவை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் எல்லோரும் அறிந்தவை. கருத்துக் கேட்பவரே மொழிபெயர்க்க மாட்டேன் என்று வழக்காடினால், அவர் எவ்வளவு ஆர்வத்தோடு கேட்டார் என்பது விளங்கிவிடும்.

இனி ஆட்சியர் கூட்டத்துக்கு வருகிறேன். 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நான்காம் பிற்சேர்க்கையில் இதன் நடைமுறை எழுதப்பட்டிருக்கிறது. படித்துப் பார்த்தால் யாரோ மக்களை மனத்தில் வைத்து எழுதியது தெரியும். கூட்டம் திட்டம் அமையும் இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடக்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் திட்டக்காரரிடம் விளக்கம் கேட்க வாய்ப்பளிக்க வேண்டும். நடப்பது முழுவதையும் வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும். முடிவில், பேசப்பட்டவற்றின் தொகுப்பை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி கூட்டத்தாருக்கு உள்ளூர் மொழியில் வாசித்து விளக்கிய பிறகே அதில் கையெழுத்தாக வேண்டும்.

இந்தக் கடைசி ஏற்பாட்டுக்காகவே இந்தக் கூட்டத்துக்கு நான் அதிக மதிப்பெண் தருகிறேன். நம் வாயால் சொன்னது தாளில் எப்படி ஏறியிருக்கிறது என்பதை அங்கேயே கேட்டு, ‘அப்படி நான் சொல்லவில்லை, திருத்துங்கள்’ என்று சொல்ல முடிகிற இடம் வேறு எங்கும் இல்லை. ஒரு கூட்டத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர், கோடையில் போர்வெல் தண்ணீர் உப்பு கரிக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் உறிஞ்சினால் கடல் தண்ணீர் ஏறிவிடும் என்று விரிவாகப் பேசினார். குறிப்பில் அது ‘குடிநீர்ப் பற்றாக்குறை குறித்துக் கவலை தெரிவிக்கப்பட்டது’ என்று ஏறியிருந்தது. வாசிக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண், ‘ஐயா, அவர் பற்றாக்குறைன்னு சொல்லல, உப்பாகுதுன்னு சொன்னாரு’ என்று எழுந்து சொல்லவும், அதிகாரியும் முகம் சுளிக்காமல் திருத்திக்கொண்டார். அரசிதழுக்கு அனுப்பும் ஆட்சேபக் கடிதத்துக்கு இந்த வாய்ப்புக் கிடைக்காது.

ஆனால் பெரும்பாலோர் இந்த வாசிப்புக்கு இருப்பதில்லை. நிகழ்ச்சி காலையில் தொடங்கிக் கட்சிக்காரர்கள், சங்கத் தலைவர்கள், வேலை கிடைக்கும் என்று நம்பி ஆதரவு தெரிவிக்க வந்தவர்கள் என்று நீண்டு, உள்ளூர்க்காரர் முறை வரும்போது ‘இரண்டு நிமிடத்தில் முடியுங்கள்’ என்ற குரல் கேட்கத் தொடங்கிவிடும். பந்தலுக்குள் காவலர் எண்ணிக்கையைப் பார்த்தே பாதிப் பெண்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். தமிழ்ச் சுருக்கத்தின் தரமும் ஊருக்கு ஊர் மாறுகிறது. விபத்து நேர்ந்தால் எந்த வாயு எவ்வளவு தூரம் பரவும் என்ற பகுதி ஆங்கில அறிக்கையில் பக்கம் பக்கமாக இருக்க, தமிழில் ‘தகுந்த பாதுகாப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்’ என்ற ஒற்றை வரியோடு முடிந்திருப்பதைப் படித்திருக்கிறேன். உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்படுபவர் தேடிப் போவதே அந்தப் பகுதியைத்தான்.

கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற விதி கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். புறக்கணித்தால் கூட்டம் நின்றுவிடும் என்று நம்பி வீட்டில் இருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய. நாற்காலிகள் காலியாக இருந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. அனுமதி கொடுக்கும் முடிவும் அந்தப் பந்தலில் எடுக்கப்படுவதில்லை. திட்டத்தின் வகையைப் பொறுத்து டெல்லியிலோ சென்னையிலோ எடுக்கப்படுகிறது. ஆட்சியர் நம் கருத்தைக் கேட்டு அனுப்பிவைப்பவர் மட்டுமே என்று புரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும்.

ஒரு நாள் இந்தச் சேவையே கடையிலிருந்து எடுக்கப்பட்டதையும் பதிவுசெய்ய வேண்டும். அந்த 2006 அறிவிக்கைக்கு 2020 ஜனவரி 16 அன்று வந்த திருத்தம், எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை ‘பி2’ வகைக்கு மாற்றி, அவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புத் தேவையில்லை என்றாக்கியது. எண்ணெய், எரிவாயுப் பணிகளை எதிர்த்துப் போராடிய நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017-இல் என்ன பாடுபட்டன என்பதைப் பார்த்த டெல்டாவில் அது எப்படிப் பட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்த மாதமே, பிப்ரவரி 20 அன்று, தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டமுன்வடிவு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எண்ணெய், எரிவாயு ஆய்வும் புதிய கிணறுகளும் தோல் பதனிடும் தொழிலும் உருக்காலைகளும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் தடுக்கப்பட்டன. முன்பே நடந்துவந்த பணிகளை அது தொடவில்லை. முதலமைச்சரின் அறிவிப்பு பிப்ரவரி 9-இல், நிறைவேற்றம் 20-இல். இடைப்பட்ட நாள்களில் எந்த ஊரிலும் பந்தல் போட்டுக் கருத்துக் கேட்டதாக நினைவில்லை. நாமும் ஏன் கேட்கவில்லை என்று கேட்கவில்லை, வந்தது நமக்கு வேண்டிய சட்டம் என்பதால். திருச்சியும் கரூரும் அரியலூரும் ஏன் விடுபட்டன, நடந்துகொண்டிருக்கும் கிணறுகளின் கழிவு யார் பொறுப்பு என்ற கேள்விகளை அன்று பந்தல் போட்டுக் கேட்டிருந்தால் சட்டத்துக்குள்ளேயே பதில் கிடைத்திருக்கக்கூடும்.

கிராம சபையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது ஆவணமாகும், நீதிமன்றத்திலும் காட்டலாம். ஆனால் கொள்கை வரைவு அங்கே பொருளாகவே வருவதில்லை. நாமே முன்கூட்டி எழுதிக் கொடுத்துப் பொருளில் சேர்க்கச் சொன்னால்தான் உண்டு. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இதற்கு மாற்றாகாது. அங்கே யூரியாவும் கொள்முதல் நிலையமும் பேசி முடிவதற்குள் மதியமாகிவிடும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் விளம்பரம் வந்த வாரமே ஆட்சியர் அலுவலகத்திலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலோ முழு அறிக்கையைக் கேட்டுப் பார்க்கட்டும். சுருக்கத்தோடு நிறுத்திவிட வேண்டாம். இடர் மதிப்பீடு, பேரிடர் மேலாண்மைத் திட்டம் என்ற தலைப்புகளை முதலில் புரட்டினால் நேரம் மிச்சம். மனுவை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். பொதுவாகக் கண்டனம் தெரிவிப்பதைவிட, சர்வே எண், வாய்க்கால் பெயர், கிணற்றின் ஆழம், மருந்தடிக்கும் ஆட்களுக்கு வரும் வாந்தி மயக்கம் என்று இன்னது என எழுதுவதைக் குறிப்பெடுப்பவரால் பொதுச் சொல்லில் கரைத்துவிட முடிவதில்லை. வயலில் இறங்குகிற ஒருவரையாவது கூட அழைத்துப் போய் முதலில் பேச வைப்பது நல்லது. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடாமல், குறிப்பு வாசித்து முடியும்வரை நாற்காலியை விட்டு எழாமல் இருக்க வேண்டும்.