ஐம்பது பழைய புக்பிளேட், ஒரே பொட்டலத்தில்: கொடுத்த காசுக்குத் தகுமா?

இணைய ஏலத்தில் இங்கிலாந்து விற்பனையாளர்கள் போடும் கலவைப் பொட்டலங்களில் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. 50 சீட்டு, அஞ்சல் செலவோடு 6,000 ரூபாய். ஒன்றுக்கு 120 ரூபாய் விழுகிறது.

புக்பிளேட் என்றால் புத்தகத்தின் முன்னட்டை உட்புறத்தில் ஒட்டும் சொந்தக்காரர் சீட்டு. 'இன்னாருடைய நூல்களிலிருந்து' என்று பொருள்படும் 'எக்ஸ் லிப்ரிஸ்' என்ற லத்தீன் பெயரும் அதற்கு உண்டு. 15ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் தொடங்கிய பழக்கம். ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தன் நண்பர் வில்லிபால்ட் பிர்க்ஹைமருக்குச் செய்துகொடுத்த சீட்டில் 'தனக்கும் நண்பர்களுக்கும்' என்று லத்தீனில் பொறித்திருக்கும். இரவல் கொடுக்க மனமுள்ள மனிதர் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த உயரத்துச் சரக்கு எதுவும் கலவைப் பொட்டலத்தில் வராது. ஆனால் படிக்கத் தெரிந்தவருக்கு இதிலும் நிறைய இருக்கிறது.

வந்தவற்றின் கணக்கு: 1810க்குப் பிந்தைய சாதாரண மரபுச் சின்னச் சீட்டுகள், அதாவது குடும்பச் சின்னம் வரைந்த கேடயம் கொண்டவை, 31. 20ஆம் நூற்றாண்டு ஓவியச் சீட்டுகள் 9. மண்வெட்டி வடிவக் கேடயமும் பூமாலையும் கொண்டவை 6; ஏறத்தாழ 1770 முதல் 1810 வரை ஓடிய பாணி இது. அதற்கும் முந்தைய சிப்பண்டேல் பாணியில் 2. அதாவது சிப்பி விளிம்பும் கொடியும் பூவுமாக, வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்து வரைந்த சட்டம். 1740 முதல் 1775 வரை கொடிகட்டிப் பறந்தது. மீதி இரண்டில் ஒன்று நூலகச் சீட்டு, இன்னொன்று பின்னாளில் மறுபடி அச்சடித்தது. அந்த 31 தனித்தனியாக வந்திருந்தால் ஒன்று 50 ரூபாய்கூடப் பெறாது. சின்னம் செதுக்கும் கடைகள் அவற்றை ஆயிரக்கணக்கில் அடித்துக் குவித்தன. பொட்டலத்துக்கு விலை தருவது மண்வெட்டிக் கேடயமும் சிப்பண்டேலுமான அந்த எட்டு சீட்டுகள்தான்.

பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, செப்புத்தகட்டு அச்சா, வெறும் நகலா என்று பார்ப்பது. 10 மடங்கு லென்ஸ் போதும். தகட்டில் செதுக்கிய கோடு தாளின் மேல் மெல்லிய மேடாக நிற்கும். கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் மிகத் தாழ்த்திப் பிடித்தால் அந்த மேட்டுக்கு நிழல் விழும். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளமும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் போலி என்று உடனே முடிவு கட்டக் கூடாது. ஓரத்தை வெட்டியவர் அந்தத் தடத்தையும் சேர்த்தே வெட்டியிருக்கலாம். கோடு புள்ளி புள்ளியாக உடைந்தால் அது புகைப்பட முறை அச்சு. அடுத்தது, கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா டார்ச், 365 நானோமீட்டர் அலைநீளத்தில். பழைய கந்தல் துணித் தாள் மங்கலாகவே இருக்கும். 1950க்குப் பிந்தைய தாளில் பெரும்பாலும் வெண்மையூட்டி கலந்திருப்பதால் பளீரென்று நீலமாக ஒளிரும். இந்தப் பொட்டலத்துச் சிப்பண்டேல் சீட்டுகளில் ஒன்றைப் போல இருந்து மாட்டிக்கொண்ட மறுஅச்சு, டார்ச் பட்டதும் நீலமாகச் சிரித்தது. தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தாலும் துப்புக் கிடைக்கும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதித் தாளில் கம்பிச் சல்லடையின் வரிகள் நெருக்கமாக ஓடும். அந்த வரியே இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

20ஆம் நூற்றாண்டுச் சீட்டுகளின் ஓரத்தில் பென்சிலில் எக்ஸ்2, சி3 என்று எழுதியிருக்கும். சேகரிப்பாளர்களின் பொதுக் குறியீடு அது. எக்ஸ்2 மரக்கட்டைக் குறுக்குவெட்டில் செதுக்கியது, சி3 அமிலம் அரித்த தகடு, பி1 புகைப்பட முறையில் செய்த கோட்டு அச்சுக்கட்டை. பென்சில் எழுத்தை நம்பி விலை கொடுக்காதீர்கள், லென்ஸை நம்புங்கள். இங்கே சி3 என்று எழுதியிருந்த ஒன்று பி1தான்.

இனி மண்வெட்டிக் கேடயச் சீட்டுகளில் ஒன்றைக் கையில் எடுப்போம். உயரம் 82 மில்லிமீட்டர், அகலம் 64. கேடயம் நடுவில் நெடுக்காகப் பிளந்திருக்கிறது. பார்ப்பவருக்கு இடப்புறம் கணவர் வீட்டுச் சின்னம், வலப்புறம் மனைவியின் பிறந்த வீட்டுச் சின்னம். ஆக, கல்யாணம் ஆனவர். மனைவிக்கு உடன்பிறந்த ஆண்கள் இல்லாமல் சொத்து அவளுக்கே வந்திருந்தால், அவள் வீட்டுச் சின்னத்தைச் சிறிய கேடயமாக்கிப் பெரிய கேடயத்தின் நடுவே வைப்பார்கள். இங்கே அப்படி இல்லை. இடப்பக்கப் பின்புலத்தில் நெட்டுக்கோடுகள்: நிறம் சிவப்பு. வலப்பக்கம் முழுக்கப் புள்ளி: பொன். கறுப்பு மையில் நிறம் காட்டும் இந்த முறை 17ஆம் நூற்றாண்டில் பரவியது. கிடைக்கோடு நீலம், சாய்கோடு பச்சை, குறுக்கும் நெடுக்குமாக வலை பின்னினால் கறுப்பு, வெறுமையாக விட்டால் வெள்ளி. இந்த ஆறு குறிகளை மனப்பாடம் செய்துவிட்டால் ஆல்பம் முழுவதும் வண்ணத்தில் தெரியத் தொடங்கும்.

கேடயத்தில் உள்ள சிங்கத்தின் தலைக்கு மேல் நகக்கண் அளவுக்கு ஒரு பிறை. அது இரண்டாம் மகனின் அடையாளம். மூத்தவனுக்குப் பட்டை, மூன்றாமவனுக்கு நட்சத்திரம், நான்காமவனுக்குக் காலில்லாப் பறவை. புதியவர்கள் தவறுவது இங்கேதான். பிறை இருந்தால் சீட்டுக்காரரே இரண்டாவது மகன் என்று எழுதிவிடுகிறார்கள். பாட்டனோ முப்பாட்டனோ இரண்டாவது மகனாக இருந்து, அந்தக் கிளை முழுவதும் பிறையைச் சுமந்து வருவதும் உண்டு. மகுடம் இல்லை, எனவே பிரபு இல்லை. பிரபுவுக்கு ஒரு படி கீழான பாரனெட் பட்டத்தின் அடையாளமான, விரித்த சிவப்புக் கையும் இல்லை. கேடயமாக இல்லாமல் சாய்சதுரமாக இருந்திருந்தால் சொந்தக்காரர் கல்யாணமாகாத பெண் அல்லது விதவை. 18ஆம் நூற்றாண்டில் சொந்த நூலகம் வைத்திருந்த பெண்களைத் தேடுபவர்களுக்கு இந்த ஒரு வடிவம் பெரிய கொடுப்பினை.

சீட்டின் கீழ் மூலையில் பழுப்பு மையில், கையெழுத்தில் 212 என்று இருக்கிறது. எண் போட்டு அடுக்கிய அலமாரி. திருப்பினால் இன்னும் சுவாரசியம். பழைய பசையில் வேறொரு சீட்டின் எழுத்துகள் கண்ணாடிப் பிம்பமாகப் பதிந்திருக்கின்றன. அடியில் முந்தைய சொந்தக்காரரின் சீட்டு இருந்திருக்கிறது. இவர் அதன் மேலேயே தன்னுடையதை ஒட்டியிருக்கிறார். புத்தகம் கைமாறிய தடயம்.

எந்தப் புத்தகம்? அதற்குத்தான் பதில் இல்லை. இந்தப் பொட்டலத்தின் மேல் உள்ள பெரிய மனக்குறையும் இதுதான். பின்புறத்துக் கிழிசல்களைப் பார்த்தால் பெரும்பாலான சீட்டுகள் உலர்ந்த நிலையிலேயே புத்தகத்திலிருந்து பிய்க்கப்பட்டவை என்று தெரிகிறது. 14 சீட்டுகளில் மேல்தோல் உரிந்திருக்கிறது. ஏழு சீட்டுகளின் பின்புறத்தைச் சுரண்டி வழித்துச் 'சுத்தம்' செய்திருக்கிறார்கள். இருந்த எண்ணும் கடைக்காரர் குறியும் அதோடு போயிற்று. தஞ்சை சரஸ்வதி மகாலில் இரண்டாம் சரபோஜி கையெழுத்திட்ட ஆங்கிலப் புத்தகங்கள் இன்றும் புத்தகங்களாகவே இருப்பதால்தான் அவர் என்ன படித்தார் என்று நமக்குத் தெரிகிறது. கையெழுத்துப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்திருந்தால் ஒரு பெயர்தான் மிஞ்சியிருக்கும். புத்தகத்தோடு இருக்கும் சீட்டை எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள். அட்டை முற்றிலும் உளுத்துப் போயிருந்தால் மட்டும், தலைப்புப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பிரிக்கலாம்.

பெயர் கண்டுபிடிப்பதற்கு இரண்டு துணைகள் உண்டு. பெயர் அச்சாகியிருந்தால் ஃபிராங்க்ஸ் பட்டியல். அகஸ்டஸ் வொல்லஸ்டன் ஃபிராங்க்ஸ் 1897இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விட்டுச் சென்ற சேகரிப்புக்கு 1903-04இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த பட்டியல் அது. குடும்பப் பெயர் வரிசையில் எண் கொடுத்திருப்பதால் சேகரிப்பாளர்கள் இன்றும் அந்த எண்ணையே சொல்கிறார்கள். மியூசியத்தின் இணையத் தேடலிலும் ஃபிராங்க்ஸ் என்ற சொல்லோடு எண்ணைச் சேர்த்துத் தேடலாம். பெயரே இல்லாத சீட்டுக்கு 1874இல் வந்த பாப்வொர்த் அகராதி; கேடயத்தில் என்ன உருவம் இருக்கிறதோ அதன் கீழ் குடும்பங்களை அடுக்கியிருக்கும். குறிக்கோள் வாசகத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே லத்தீன் வரியைப் பல குடும்பங்கள் வைத்திருந்தன.

பராமரிப்பில் நம் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பழைய பசை மாவுப் பசை. இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பசை கட்டியாக இருந்தால் மட்டும் தண்ணீர்ப் பக்கம் போங்கள். அதற்கு முன் பஞ்சுக்குச்சியை நனைத்துக் கையெழுத்து, முத்திரை, வண்ணம் மூன்றையும் ஓர் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தச் சீட்டு தண்ணீரைப் பார்க்கவே கூடாது. ஏறவில்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம், முகம் மேலே பார்க்க. ஈரத்தாள் தன் எடையிலேயே கிழியும். அடியில் ஒரு பாலியெஸ்டர் தாளைக் கொடுத்துத் தூக்குங்கள். பிளாட்டிங் பேப்பருக்கு நடுவே வைத்து மிதமான கனம் ஏற்றி, அரை மணியில் ஒருமுறை, சில மணி நேரத்தில் ஒருமுறை பேப்பரை மாற்றி, இரண்டு நாள் விட வேண்டும். கனம் அதிகமானால் தகட்டுத் தடம் தட்டையாகிவிடும். உண்மைக்கு இருந்த சாட்சியை நாமே அழித்தது போலாகும்.

ஆல்பத்துக்கு அமிலமில்லா அட்டை, மூலைக்குப் பாலியெஸ்டர் முக்கோணம். புகைப்படக் கடையில் கிடைக்கும் ஒட்டும் பக்க ஆல்பம் வேண்டாம், அதன் பசை தாளுக்குள் இறங்கும். பிவிசி உறையும் வேண்டாம். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் மையை இழுத்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், சென்னையில் அது தினசரிக் கதை. மூடிய டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறும்போது சூடேற்றிக் காய வையுங்கள். சீட்டில் படாமல் வசம்புப் பொட்டலமும் வைக்கலாம்.

மொத்தத்தில், கேடயம் படிக்கக் கற்றுக்கொள்ளும் முதல் வருடத்துக்கு இந்த மாதிரிப் பொட்டலம் ஒன்று நல்ல பாடநூல், 6,000 ரூபாய் கொடுக்கலாம். இரண்டாவது பொட்டலம் வேண்டாம். மறுபடி அதே 31 ரகம்தான் வரும். அந்தப் பணத்துக்கு 18ஆம் நூற்றாண்டுச் சீட்டு ஒட்டியபடியே இருக்கும், அட்டை தளர்ந்த பழைய பிரசங்கப் புத்தகம் ஒன்றை வாங்குங்கள். யாரும் சீண்டாததால் அவை மலிவு. பொட்டலமே வாங்குவதென்றால் ஏலம் கேட்கும் முன் விற்பனையாளரிடம் பின்புறங்களின் படத்தைக் கேளுங்கள். சுரண்டிய சுவடு தெரிந்தால் விட்டுவிடுங்கள்.