ஃபாக்ஸ் 40 கிளாசிக் விசில்: எந்த ஆட்டத்துக்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

மாவட்ட அளவில் ஆட்டம் நடத்தும் நடுவர்களில் பலர் பூட்ஸுக்கும் கடிகாரத்துக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்துவிட்டு, விசிலை மட்டும் கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுப்பதை வாங்கிவிடுகிறார்கள். அப்படிப் பெரும்பாலும் கைக்கு வருவது ஃபாக்ஸ் 40 கிளாசிக், அல்லது அதன் நகல். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். திறந்த மைதானக் கால்பந்துக்கும் மண் தரைக் கபடிக்கும் இந்த விசிலைத் தயங்காமல் வாங்கலாம். உள்ளரங்க ஆட்டத்துக்கு யோசித்துத்தான் வாங்க வேண்டும். மெல்ல ஊத வேண்டிய இடத்தில் இது உதவாது.

பழைய விசில் என்றால் நம் மனதில் வருவது பர்மிங்காமின் ஜோசப் ஹட்சன் 1884இல் கொண்டுவந்த ஆக்மி தண்டரர் வகை. உள்ளே ஒரு தக்கை உருண்டை இருக்கும். காற்று சுழலும்போது அது திறப்பை மூடி மூடித் திறக்கும். ‘கிர்ர்ர்’ என்ற அந்த நடுக்கம் அதனால்தான் வருகிறது. கோளாறும் அந்த உருண்டையில்தான். எச்சில் ஊறினால் தக்கை உப்பி மெதுவாகச் சுற்றும். புழுதி புகுந்தால் ஒட்டிக்கொள்ளும். பதற்றத்தில் மூச்சு முட்ட ஊதினால் உருண்டை ஒரே இடத்தில் அழுந்தி நின்று, ஃபவுல் நடந்த அந்த நொடியில் வெறும் காற்று மட்டும் வெளியே வரும். கனடாவின் ஹாமில்டனைச் சேர்ந்த கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்டுக்கு 1984இல் பிரேசிலில் நடந்த ஒரு போட்டியில் இதுதான் நேர்ந்தது. வடிவமைப்பாளர் சக் ஷெப்பர்டுடன் சேர்ந்து உருண்டையே இல்லாத இந்த ஃபாக்ஸ் 40 விசிலை அவர் உருவாக்கினார்; 1987 இண்டியானாபொலிஸ் பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டியில் அது அறிமுகமானது.

அசையும் பாகம் ஒன்றும் இல்லாமல் நடுக்கம் எப்படி வருகிறது? ஊதும் காற்று மூன்று அறைகளுக்குப் பிரிகிறது. ஒவ்வோர் அறையின் சுருதியும் மற்றதிலிருந்து சற்றே விலகியது. மூன்றும் ஒன்றாக ஒலிக்கும்போது ஒன்றோடொன்று மோதி அதிர்வு உண்டாகிறது. வாங்குபவருக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, எவ்வளவு வேகமாக ஊதினாலும் அடைபடாது. தண்ணீரில் விழுந்தாலும் எடுத்து ஊதினால் நீர் தானே வெளியேறி ஒலி வந்துவிடும். இன்னொன்று, மூன்று திறப்பில் ஒன்றை விரல் மறைத்தாலும் குரல் உடைந்து பொம்மை ஊதல் மாதிரி ஆகிவிடும். ‘புது விசில், சத்தமே இல்லை’ என்று குறைப்படுபவர்கள் பிடிக்கும் விதத்தை முதலில் கவனிக்க வேண்டும். ஊதுவாய்க்குப் பக்கத்தில், திறப்புகளுக்கு முன்னால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் தொட வேண்டும்.

கிளாசிக்கின் பலவீனம் ஏற்ற இறக்கம். கால்பந்தில் விசில் ஒரு மொழி. நடுக்களத்தில் சாதாரண ஃப்ரீ கிக்குக்குச் சின்னதாக ஒன்று, முரட்டு ஆட்டத்துக்கு நீண்ட கூர்மையான ஒன்று, பெனால்டிக்கு மைதானமே திரும்பும்படி ஒன்று. தண்டரரில் மூச்சின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து இவற்றைத் தனித்தனியாகக் காட்டலாம். கிளாசிக்கில் மூச்சு ஓர் அளவுக்குக் கீழே போனால் மூன்று அறையும் சேர்ந்து பேசாது, ஒலி காற்றோடு கலந்து இளைத்துவிடும். ஆகவே இங்கே அழுத்தத்தைவிட நீளத்தை வைத்துத்தான் பேச வேண்டும். நாக்கு நுனியால் ஊதுவாயை அடைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து காற்றைத் தேக்கி, ‘தூ’ என்று சொல்வதுபோல் நாக்கை விடுவிக்க வேண்டும். நிறுத்தும்போதும் மூச்சை நிறுத்தாமல் நாக்கால் அடைக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஒலி வெட்டினாற்போல் தொடங்கி வெட்டினாற்போல் முடியும். கன்னத்தை உப்பவைத்து ஊதுபவருக்கு எந்த விலை விசிலும் வழவழவென்றுதான் ஒலிக்கும்.

நல்ல விசில் கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஊதுவது இன்னொரு கெடுதல். கால்பந்துச் சட்டப் புத்தகத்தின் நடுவர் வழிகாட்டுதலே இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஆட்டத்தைத் தொடங்க, ஃப்ரீ கிக் பெனால்டிக்கு நிறுத்த, பெனால்டி உதைக்க, கார்டு காட்டியபின் மீண்டும் தொடங்க விசில் வேண்டும். பளிச்சென்று தெரியும் த்ரோ இன், கோல் கிக், கார்னர், கோல் இவற்றுக்கு வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் ஊதினால், வேண்டிய நேரத்தில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

எப்படி மாட்டிக்கொள்வது என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். கால்பந்து நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. கையிலிருந்து வாய்க்குப் போகும் அந்த ஒரு கணத்தில்தான் அட்வான்டேஜ் கொடுக்கலாமா, அதாவது தவறு நடந்தும் ஆட்டத்தைத் தொடரவிடலாமா என்று தெரியும். அதற்கு விரல் கிரிப் அல்லது மணிக்கட்டுக் கயிறு சரி. கழுத்துக் கயிறு ஓட ஓட ஆடி நெஞ்சிலும் தாடையிலும் அடிக்கும். கூடைப்பந்தில் நேர்மாறு. விசில் வாயிலேயே இருக்கும், ஊதிய கணம் கடிகாரம் நிற்க வேண்டும். பல்லால் கவ்வியே பிடிப்பதால் சாதாரண கிளாசிக்கின் பிளாஸ்டிக் வாய் வழுக்கும், பல்லும் கூசும். ரப்பர் உறை போட்ட சி.எம்.ஜி. வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் போகாது. கழுத்துக் கயிறு, பிடித்து இழுத்தால் தானே கழன்றுவிடும் வகையாக இருக்கட்டும்.

உள்ளரங்கம் என்று வரும்போது சத்தக் கணக்கு உறுத்துகிறது. கிளாசிக்குக்கு நிறுவனம் சொல்லும் அளவு 115 டெசிபல். தொழிலிடங்களுக்கு அமெரிக்க அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 115 டெசிபலுக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது 28 வினாடிதான். விசில் ஒலி, மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்கும் அலைவரிசையில் விழுகிறது. அதனால்தான் அது எட்டுகிறது, அதனால்தான் உறைக்கவும் செய்கிறது. தகரக் கூரை அரங்கில் நாள் முழுக்க ஊதுபவர் காதடைப்பான் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஃபாக்ஸ் 40 நிறுவனத்தின் இன்னொரு விசிலான சோனிக் பிளாஸ்ட் 120 டெசிபலைத் தாண்டும் என்று விற்கப்படுகிறது. கூட்டம் இரையும் பெரிய மைதானத்துக்குச் சரி, பள்ளி உள்ளரங்கத்துக்கு அது கொடுமை.

கைப்பந்துக்குக் கிளாசிக் அவசியமே இல்லை. முதல் நடுவர் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஊதி அனுமதி தர வேண்டும்; அதன்பின் ஆட்டக்காரருக்கு 8 வினாடி. அத்தனை முறை ஊதுவதற்குக் குறைந்த மூச்சிலும் பேசும் விசில்தான் தோது. இரண்டு நடுவரும் ஒரே சுருதி விசில் வைத்திருந்தால் ஊதியது யார் என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் விழிப்பார்கள்; கொஞ்சம் வேறுபட்டதாக வாங்கிக்கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று ஆட்டம் ஓடும் மைதானத்துக்கும் இதே யோசனைதான். அங்கே எல்லாரிடமும் கிளாசிக்தான் இருக்கும், ஒரு தண்டரரை எடுத்துப் போனால் உங்கள் ஆட்டக்காரர்கள் உங்கள் ஒலிக்கு மட்டும் நிற்பார்கள். கால்பந்தைத் தொடர்ந்து நடத்துபவர்கள் ஜப்பானிய மோல்டன் நிறுவனத்தின் வால்கீனைப் பார்க்கலாம். மெல்ல ஊதினாலும் பேசும், அழுத்தினால் தூரமும் போகும். விலை கிளாசிக்கைப் போலப் பல மடங்கு. வாரம் ஓர் ஆட்டம் நடத்துபவருக்கு அது தேவையில்லை.

நகல்களைப் பற்றி எச்சரிக்கை. சில நூறு ரூபாய் விலையுள்ள பொருளுக்குப் பத்தில் ஒரு பங்கு விலையில் அதே வடிவம், அதே எழுத்து அச்சிட்டுக் கிடைக்கிறது. கடையிலேயே சோதிக்கலாம். ஒட்டு விளிம்பை நகத்தால் வருடிப் பாருங்கள், பிசிறு தட்டினால் கீழே வையுங்கள். பிறகு ஊதும்போது திறப்புகளை ஒவ்வொன்றாக விரலால் மூடுங்கள். மூடும்போதெல்லாம் ஒலியின் நிறம் மாற வேண்டும். ஏதாவது ஒன்றை மூடியும் மாற்றமே இல்லையென்றால் அந்த அறை பேசவில்லை என்று பொருள். நகல்களில் இது சர்வசாதாரணம்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, உதறி, நிழலில் உலர்த்தினால் போதும். கொதிநீரில் போடாதீர்கள், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் இளகி, அறைகளின் அளவு மாறிவிடும். காய்ந்த எச்சிலை எடுக்க ஊசியோ குண்டூசியோ விட வேண்டாம். காற்று மோதிப் பிளவுபடும் உள்விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் சுருதி திரும்ப வராது. மென்மையான பல் துலக்கி போதும். ஊதுவாயில் பல் பதிந்து வெடிப்பு விட்டால் ஒட்டிப் பார்க்காமல் வேறு வாங்கிவிடுங்கள்.